கழுத்து வலியும் கைக்கு எட்டாத பில்லும்

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 42, உயரம் ஐந்தடி. காலை பத்து மணிக்கு லேப்டாப் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஏழாகிவிடுகிறது. மதியத்துக்கு மேல் கழுத்தும் வலது தோளும் கடுக்கின்றன. மேஜை முழுக்க பில். முதலாளி ஒன்றைக் கேட்டால் தேடி எடுக்கப் பத்து நிமிடம் ஆகிறது. புது நாற்காலி கேட்கத் தயக்கமாக இருக்கிறது. பெரிய செலவில்லாமல் ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்: வலியைத் தனியாகவும் பில் தேடுவதைத் தனியாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அலுவலகங்களுக்குப் போய் வேலை செய்யும் இடத்தைச் சீர்செய்து தருவதுதான் என் தொழில். நான் பார்த்தவரை இரண்டும் ஒரே கோளாறுதான். அடிக்கடி எடுக்கிற பொருள் எட்டாத இடத்தில் இருக்கிறது, உடம்பு அதை நோக்கி வளைந்தும் நீண்டும் களைத்துப் போகிறது.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். கடைகளில் கிடைக்கும் மேஜைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். ஐந்தடி உயரமுள்ளவர் தரையில் கால் பதித்து உட்கார்ந்தால் அவர் முழங்கை ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில் இருக்கும். மிச்சமுள்ள 15 செ.மீ.யைத் தோள்தான் ஈடுகட்டுகிறது. சோதித்துப் பாருங்கள். எப்போதும்போல உட்கார்ந்து, மூச்சை விட்டுத் தோள்களைத் தளர்த்துங்கள். முழங்கை மேஜை மட்டத்துக்குக் கீழே இறங்கினால், நாள் முழுக்க தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

மேஜையைக் குறைக்க முடியாது, அதனால் நீங்கள்தான் உயர வேண்டும். நாற்காலியில் உயரம் ஏற்றும் கைப்பிடி இருந்தால் முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்ததும் அமுங்கிவிடும் பஞ்சு மெத்தை வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்து பவானி ஜமுக்காளத்தை நான்காக, எட்டாக மடித்துப் போடுங்கள், அது அமுங்காது. இப்போது கால் அந்தரத்தில் தொங்கும். தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். 500 தாள் கொண்ட ஏ4 ரீம் ஒன்று சுமார் 5 செ.மீ. தடிமன் இருக்கும். பிரிக்காத மூன்று ரீமை உறையோடு அடுக்கிப் பாதத்தை அதன்மேல் வையுங்கள், கணக்கு சரியாகிவிடும். அப்புறம் ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் உள்வளைவில், சேலை கட்டும் இடத்துக்குச் சற்று மேலே செருகிக்கொள்ளுங்கள்.

கழுத்துக்குக் காரணம் லேப்டாப். அதில் திரையும் விசைகளும் ஒட்டியே இருப்பதால் கைக்குச் சரியான உயரம் கண்ணுக்குச் சரிவராது. தனி கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்தினால் குனிவது நிற்கும். தூரம் ஒரு கை நீளம். உங்கள் வயதில் சிலருக்கு இரட்டைப் பவர் கண்ணாடி வந்திருக்கும். அது இருந்தால் திரையைக் கொஞ்சம் தாழ்த்தியே வையுங்கள். இல்லையென்றால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்க முகத்தை அண்ணாத்திக்கொள்வீர்கள்.

வலது தோள் மட்டும் கடுப்பதைப் படித்ததும் எனக்கு மவுஸ் நினைவுதான் வந்தது. கணக்கு எழுதுபவர்களுக்கு வலப்பக்கம் எண் விசைகள் உள்ள நீளமான கீபோர்டு தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் விசைகளுக்கும் அப்பால்தான் மவுஸ் இருக்கும். அதை எடுக்க ஒவ்வொரு முறையும் கை வெளிப்பக்கம் ஒரு சாண் நீள்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் தொகைகளை ஏற்றும்போது கீபோர்டை இடப்பக்கம் நகர்த்தி, எண் விசைகள் வலது கைக்கு நேராக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மவுஸும் கூடவே உள்ளே வந்துவிடும். முடிந்தால் இடது கையில் மவுஸ் பிடித்துப் பழகுங்கள். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும்.

இன்னொன்று, பில்லை மேஜையில் படுக்கவைத்துப் படிக்காதீர்கள். ஒரு அலுவலகத்தில் பெண் ஒருவர் மூன்று வருடமாக இடது கழுத்து வலியோடு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். பில் கட்டு இடப்பக்கம் படுத்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் தலை கீழே இடப்பக்கம் போய்த் திரும்பியது. பிள்ளைகளின் பரீட்சை அட்டை ஒன்றை வாங்கி, பில்லைக் கிளிப்பில் மாட்டி, திரையை ஒட்டினாற்போலச் சாய்த்து நிறுத்தினோம். அதற்குப் பிறகு அவருக்குத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை, கண்ணை நகர்த்தினாலே போதுமாக இருந்தது.

இனி பில்கள். மூன்று தட்டு போதும்: ஏற்றாதது, ஏற்றியது, சந்தேகம். மேஜையை நிரப்புவது இந்த மூன்றாவதுதான். ஜிஎஸ்டி எண் தப்பு, சரக்கு குறைவு, விலை ஒத்துவரவில்லை என்று ஒதுக்கிவைத்தவை மெல்லப் பரவிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தி, என்ன பிரச்சினை, யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். தினமும் சாயங்காலம் தேநீருக்குப் பிறகு அந்தத் தட்டை மட்டும் எடுத்து போன் பண்ணி முடியுங்கள்.

ஏற்றிய பில்லின் வலது மேல் மூலையில் டேலி தரும் வவுச்சர் எண்ணை, அதாவது பதிவு எண்ணைச் சிவப்புப் பேனாவில் எழுதி, அந்த வரிசையிலேயே பாக்ஸ் ஃபைலில் போடுங்கள். முதலாளி கேட்டால் காகிதத்தில் தேட வேண்டாம். டேலியில் பார்ட்டி (பில் தந்த வியாபாரி) பெயரைத் தட்டி எண்ணைப் பார்த்து, அந்த இடத்தில் விரலை வைத்தால் போதும். லாரி செட், பெட்ரோல் பங்க் ரசீதுகள் சூட்டில் அச்சாகிற தாளில் வருபவை, எழுத்து மங்கிவிடும். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக் குத்திவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பில் படங்களுக்கு 2025-06-11 என்று ஆண்டை முதலிலும் பிறகு பார்ட்டி பெயரையும் வைத்துப் பெயர் மாற்றினால், கணினி தானாகவே தேதிவாரியாக அடுக்கிவிடும்.

உங்கள் கடை மாதாமாதம் தாக்கல் செய்வதானால் கடைசித் தேதிகள் இவை: 7 டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்ட), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15 பிஎஃப், இஎஸ்ஐ (ஊழியர் சேமநிதி, காப்பீடு), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்). இந்த நான்கு தேதிக்கும் நான்கு ஃபோல்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய வருடத்துக் கட்டுகள் பரணுக்குப் போகலாம். ஆனால் எடைக்குப் போடாதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் ஜிஎஸ்டி ஆவணங்கள் இருந்தாக வேண்டும்.

நடுநடுவே எழுந்திருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 நொடி பார்க்கச் சொல்வார்கள். கடையில் கடிகாரம் பார்க்க முடியாது என்பதால், ஒரு கட்டு பில் முடிந்ததும் எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள் என்பேன். போன் வந்தால் நின்று பேசுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து எழுப்பினாலோ, கையில் பிடி தளர்ந்தாலோ இதையெல்லாம் செய்துகொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

முதலாளியிடம் கேட்கத் தயங்க வேண்டாம். கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். நாற்காலி பிறகு வரட்டும். இப்போதைக்கு ஒரு கீபோர்டும் மவுஸும் கேளுங்கள், பெரிய தொகை ஆகாது. அவை வரும்வரை லேப்டாப்பை உயர்த்தி வைக்காதீர்கள். உயர்த்திய லேப்டாப்பிலேயே தட்டினால் தோள் இன்னும் மோசமாகும். காலுக்கு ரீமும் பில்லுக்குப் பரீட்சை அட்டையும் நாளைக் காலையே வைத்துவிடலாம்.