ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, நான் நன்றாக இல்லை

கேள்வி: எனக்கு வயது 36. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம் வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு, வலி வந்தால் வலி மாத்திரை எடுக்கிறேன். வீக்கம் வடிந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் எனக்கு எதிலும் பிடிப்பில்லை. திடீரென்று அழுகை வருகிறது, பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன். வீட்டில், 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்' என்கிறார்கள். கவலைப்பட்டே நோயை வரவழைத்துக்கொண்டேன் என்றும் பேச்சு. இது மனபலவீனமா, மாத்திரையின் வேலையா? மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனா?

பதில்: அந்தப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். முடக்குவாதத்தை நீங்கள் வரவழைக்கவில்லை. மரபணுக்களும் புகைபிடித்தல் போன்ற சிலவும் அது வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மன அழுத்தம், இருக்கிற வலியை அதிகமாக உணரவைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் 'இவருக்குக் கவலையால்தான் வந்தது' என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் சொல்பவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அடுத்து மனபலவீனம். கடும் காய்ச்சலில் படுத்திருந்த நாளை நினைத்துப் பாருங்கள். யாரோடும் பேசப் பிடிக்காது, வெளிச்சம் பிடிக்காது, போர்வையை இழுத்துச் சுருண்டுகொள்ளத் தோன்றும். அப்போது உங்களைப் பலவீனமான மனுஷி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உடலின் எதிர்ப்பு மண்டலம் வேலை செய்யும்போது சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவை மூளைக்கும் செய்தி அனுப்பி, 'எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படு' என்கின்றன. காய்ச்சலென்றால் நான்கு நாளில் அடங்கிவிடும். உங்கள் நோயில் எதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டுகளையே எதிரியாக நினைத்துக்கொண்டிருப்பதால், அந்தச் செய்தி மெல்லிய குரலில் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கலாம். ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டோம். அதுவும் சைட்டோகைன்தான். அதற்கு முன் மனநலப் பிரச்சினையே இல்லாத பலரும் ஊசி தொடங்கிய சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்தார்கள். எதிர்ப்பு மண்டலம் உடலில் கிளப்பும் அழற்சிக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பை எங்களுக்குக் கண்ணெதிரே காட்டிய அனுபவம் அது.

மாத்திரையின் வேலையா என்று கேட்டது நல்ல கேள்வி. ஸ்டீராய்டு மனநிலையைக் குலைக்கும், உண்மைதான். ஆனால் அளவைப் பொறுத்தது. 1972இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் 40 மில்லிகிராம் வரை ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் சொச்சம் பேருக்குத்தான் கடுமையான மனநலச் சிக்கல் வந்தது. 80ஐத் தாண்டியவர்களில் அது நூற்றுக்கு 18 பேர். உங்கள் 5 மில்லிகிராம்மீது எல்லாப் பழியையும் போட முடியாது. மாலையில் எடுத்துக்கொண்டிருந்தால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள், தூக்கம் தேறும். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் ஆபத்து. மெத்தோட்ரெக்சேட் எடுத்த மறுநாள் குமட்டலும் அசதியும் வருவதும் பலருக்கு வழக்கம். உங்கள் அழுகை வாரத்தில் அந்த ஒரு நாளில்தான் வருகிறதா என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தாயிற்றா? முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இரண்டிலும் கோளாறு அடிக்கடி வரும். இரண்டுமே சோர்வாகவும் சோகமாகவும் வேஷம் போடும்.

இதெல்லாம் சரி, வேதிப்பொருளால் மட்டும் வருவதில்லை இது. காலையில் விரல்கள் விறைத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் சட்டைப் பித்தானைப் போடப் பார்க்கிறீர்கள். ஒன்று மாட்டுகிறது, அடுத்தது நழுவுகிறது. பிள்ளை நெளிகிறது, நேரமாகிறது, கத்திவிடுகிறீர்கள். பத்து மணிக்கு விரல் இளகிவிடும், பார்ப்பவர் கண்ணுக்கு நீங்கள் 'நன்றாகத்தான்' இருப்பீர்கள். கட்டுப் போட்ட காலுக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். உள்ளே விறைத்த விரலுக்கு யார் கொடுப்பார்கள்? நாளை எப்படி இருக்குமென்று தெரியாமல் எதற்கும் ஒப்புக்கொள்ள முடியாத நிலை, முன்பு இருந்த 'நான்' போய்விட்ட துக்கம். இழப்பு என்றால் துக்கம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. உடல் ஒத்துழைக்கும் நாளிலும் பிடித்த விஷயம் பிடிக்கவில்லையா? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியேவா? 'நான் எல்லோருக்கும் பாரம்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் சிகிச்சை வேண்டிய கட்டம் அது. வாழ்வதில் அர்த்தமில்லை, செத்துவிடலாம் என்று தோன்றினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

அடிமையாகிவிடும் பயம் வேண்டாம். மனச்சோர்வுக்குப் பொதுவாகத் தரப்படும் மாத்திரைகள் போதை தருபவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். லேசான மனச்சோர்வுக்குச் சிந்தனை முறையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். ஒன்று மட்டும்: இந்த மாத்திரைகளில் சில, நீங்கள் எடுக்கும் வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். எல்லா மருந்துச் சீட்டுகளையும் இரண்டு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

எங்கள் தரப்புக் குறையையும் சொல்லிவிடுகிறேன். மூட்டை அழுத்திப் பார்ப்போம், ரிப்போர்ட்டைப் புரட்டுவோம், 'நல்ல முன்னேற்றம்' என்று அனுப்பிவிடுவோம். 'மனசு எப்படி இருக்கு?' என்று கேட்கப் பல வருடங்கள் எனக்கே தோன்றியதில்லை. அதனால் நீங்களே ஆரம்பியுங்கள். வீக்கத்தைச் சொல்வதுபோலவே, 'வாரத்தில் நான்கு நாள் அழுகிறேன், மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது' என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள். வெளியே நாற்காலியில் உட்காரவைக்காமல் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். இது நோயின் பகுதிதான் என்று டாக்டர் வாயால் அவரும் கேட்கட்டும்.