திருவிழா மைக் பிடித்தவர் பிஜிஎம்ஐ மேட்சுக்கு வர்ணனை சொல்லலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர். கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறேன். பொங்கல் கபடிக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கும் எங்கள் பக்கம் பெரும்பாலும் நான்தான் மைக் பிடிப்பேன். போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் பிஜிஎம்ஐ-யை விடாமல் ஆடுகிறேன். இ-ஸ்போர்ட்ஸ் எனும் வீடியோ கேம் போட்டிகளுக்கு நேரலை வர்ணனையாளர் ஆக ஆசை. இங்கிலீஷ் சரளமாக வராது. சென்னைக்குப் போய்த் தங்கினால்தான் முடியுமா? அப்பா, ‘இதெல்லாம் ஒரு வேலையா?’ என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆகலாம் தம்பி, தமிழிலேயே ஆகலாம். தமிழில் ஓடும் நேரலைக்கு இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டியதில்லை. விதிமுறைத் தாளையும் தயாரிப்புக் குழு அனுப்பும் குறிப்பையும் படித்துப் புரிந்துகொண்டால் போதும். உங்கள் ஊர்ப் பேச்சையும் மாற்ற வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பார்ப்பவருக்குப் புரியாத வட்டாரச் சொல்லை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

கபடி மைக் உங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறது. கூட்டத்தின் முன் நாக்கு உலராமல் மூன்று மணி நேரம் பேசுவது சாதாரணமா? ரெய்டு நடக்கும்போதே ‘இந்தப் பாயின்டுக்கு அன்பளிப்பு 501 ரூபாய்’ என்று துண்டுச்சீட்டைப் பார்த்து அறிவித்துவிட்டு, ஆட்டத்தை விட்ட இடத்திலேயே பிடிப்பீர்களே, அதைத்தான் இங்கே ஸ்பான்சர் வாசகம் என்கிறார்கள். பட்டணத்துப் பையன்கள் அதில்தான் தடுமாறுகிறார்கள்.

மீதிப் பாதிக்கு, அந்த மைக் கொடுத்த ஒரு பழக்கத்தை விட வேண்டும். கபடியில் களம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். ரெய்டர் ஒருவர், எல்லோர் கண்ணும் அவர் மேல். நடப்பதை நடக்கிற வேகத்தில் சொன்னாலே வர்ணனை ஆகிவிடும். பிஜிஎம்ஐ-யில் 16 அணி, 64 பேர், கடைசி வரை நிற்பது யார் என்பதுதான் ஆட்டம். அதன் களங்களில் ஒன்றான எரங்கல் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். கேமரா ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் காட்டும். அதில் ஒருவர் இன்னொருவரைச் சுடுவதை நேயர் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘சுட்டுட்டார், சுட்டுட்டார்’ என்று நீங்கள் தொண்டை கிழியக் கத்த எதுவுமில்லை. அந்த நேரத்தில் திரைக்கு வெளியே மற்ற 14 அணிகள் என்ன நிலைமையில் இருக்கின்றன என்று சொல்பவருக்குத்தான் அடுத்த முறையும் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள்.

ஓர் உதாரணம். எரங்கலில் பாதுகாப்பு வட்டம் (நேரம் போகப் போகச் சுருங்கும், வெளியே நின்றால் உயிர் குறையும்) மிலிட்டரி பேஸ் என்ற இடத்தின் பக்கம் ஒதுங்குகிறது என்று வையுங்கள். அது தெற்கே தனித் தீவு. இரண்டு பாலம்தான் வழி, இல்லையென்றால் படகு, அல்லது நீச்சல். வடக்கே போச்சிங்கி ஊரில் லூட் (துப்பாக்கி, மருந்து போன்ற பொருள்கள்) எடுத்துக்கொண்டிருக்கும் அணிக்கு இனி என்ன ஆகும்? பாலத்தை யார் முதலில் மறிப்பார்கள்? வண்டி யாரிடம் இருக்கிறது, மறைவுக்கு வீசும் ஸ்மோக் குண்டு யாரிடம் மிச்சம்? சண்டை தொடங்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே இதைச் சொல்லி வைத்தால், பாலத்தில் வெடிக்கும்போது நீங்கள் குரலை உயர்த்தவே வேண்டாம். பார்க்கிறவர் தானாக நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

புள்ளிக் கணக்கும் மனதில் ஓட வேண்டும். இப்போது பரவலாக உள்ள முறையில் முதலிடத்துக்கு 10, பிறகு 6, 5, 4, 3, 2, 1, 1. ஒவ்வொரு ஃபினிஷுக்கும், அதாவது எதிரணி ஆள் ஒருவரை வீழ்த்தி வெளியேற்றுவதற்கும், 1. கடைசி ஆட்டம். பட்டியலில் முதலில் இருந்த அணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் வெளியேறிவிட்டது. 7 புள்ளி பின்னால் இருக்கும் அணி இன்னும் நிற்கிறது, கையில் 3 ஃபினிஷ். மூன்றாமிடம் வந்தாலே 3-உம் 5-உம் 8. கோப்பை கை மாறுகிறது. இந்தக் கூட்டலை நாலு அணி மிச்சமிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பயிற்சிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பழைய போட்டி வீடியோவை ஒலியை அணைத்துப் போட்டு, போனில் உங்கள் குரலைப் பதியுங்கள். மறுநாள் திரையைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். எந்த அணி எங்கே நிற்கிறது என்று கேட்டே புரிகிறதா? ‘வேற லெவல்’ எத்தனை முறை வந்தது? ஒரு ஆட்டம் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். முதல் எட்டு, பத்து நிமிடம் வெறும் லூட்தான். அங்கே திணறுகிறீர்களா என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். அந்த நேரத்துக்கு வேண்டிய சரக்கு முன்கூட்டியே நோட்டில் இருக்க வேண்டும்: எந்த அணி வழக்கமாக எங்கே இறங்கும், ஆட்டத்தில் அணிக்கு உத்தரவு கொடுக்கும் ஐ.ஜி.எல். யார், போன ஆட்டத்தில் எப்படி வெளியேறினார்கள். சுருங்கச் சொன்னால், வர்ணனை சொல்லும் நாளுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுப்பாடம் இருக்கிறது.

பெரும்பாலும் தனியாக யாரும் வர்ணனை சொல்வதில்லை, இருவர் உட்காருவார்கள். ஒருவர் நடப்பதைச் சொல்வார், மற்றவர் ஏன் நடந்தது என்று அலசுவார். உங்களுக்கு முதல் பங்கு பொருந்தும். இன்னொருவர் பேசும்போது வாயை மூடுவதுதான் கபடி மைக்காரர்களுக்கு வராத கலை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலுக்குப் பெயர் போன பக்கத்துக்காரர் நீங்கள்: நாகஸ்வரம் சங்கதி விரிக்கும்போது தவில் எப்படி அடங்கி நிற்கிறது, எந்த இடத்தில் எடுக்கிறது என்று அடுத்த கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடாமல் உட்கார்ந்து கேளுங்கள். நண்பர் ஒருவரை இப்போதே ஜோடி சேர்த்துக்கொண்டு டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் பழகுவது நல்லது.

சென்னையில் போய்த் தங்க வேண்டாம், இப்போதைக்கு. சிறிய போட்டிகள் பலவற்றில் வர்ணனையாளர் வீட்டிலிருந்தே பேசுகிறார். தயாரிப்புக் குழு உங்களுக்குப் படத்தை அனுப்பும். உங்கள் குரல் அவர்களுக்குப் போகும். யூடியூபில் வரும் நேரலையைப் பார்த்துப் பேசக் கூடாது, அது சில நொடிகள் பிந்தி வரும். மேடை போட்டு நடக்கும் இறுதிச் சுற்றுக்கு நேரில் அழைத்தால் போய் வர மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

கருவிகளுக்கு அதிகம் கொட்ட வேண்டாம். கண்டென்சர் மைக் வாங்காதீர்கள். மின்விசிறி, குக்கர் விசில், ஆடி மாத அம்மன் கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். யுஎஸ்பி டைனமிக் மைக் ஒன்றை வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் வையுங்கள். மொபைல் டேட்டாவை நம்பாமல் ஃபைபர் இணைப்பு, அதுவும் வைஃபையில் இல்லாமல் கேபிளில். நீங்களே ஓபிஎஸ் மென்பொருள் வைத்து 720பி தரத்தில் ஒளிபரப்புவதானால் 4 மெகாபிட் அளவுக்கு அப்லோடு நிலையாக நிற்க வேண்டும். நம் பக்கத்து மின்சாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்பே பார்த்துத் தயாரிப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் போன் ஹாட்ஸ்பாட்டையும் தயாராக வைத்திருங்கள். ஒரு நாளில் ஆறு ஆட்டம் வரை ஓடும் என்பதால் தொண்டைக்கு வெந்நீர்.

வேலை எங்கே கிடைக்கும்? கல்லூரி விழாப் போட்டிகளும் டிஸ்கார்டில் நடக்கும் சிறு போட்டிகளும்தான் வாசல். தொடக்கத்தில் காசில்லாமல் பேசச் சொல்வார்கள். சில மாதம் பேசுங்கள். நடத்துபவருக்கு ஸ்பான்சர் பணம் வந்த பிறகும் ‘உனக்கு எக்ஸ்போஷர்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு மாதிரி அனுப்பும்போது உச்சக்கட்டக் கூச்சல்களை ஒட்டிய துண்டு வேண்டாம். ஒரு கடைசி வட்டத்தை முழுதாக, வெட்டாமல், மூன்று நிமிடம் அனுப்புங்கள். லூட் நேரத்துப் பேச்சு ஒரு நிமிடம் சேர்த்தால் உங்களைத் தனியாகக் கவனிப்பார்கள்.

ஒரே விளையாட்டை நம்பாதீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையானது. அடுத்து வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதமும் அதை மட்டுமே தெரிந்தவர்களுக்குப் பிழைப்பு கஷ்டம்தான். கணினியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டான வேலரன்ட் கற்றுக்கொள்ளுங்கள்: ஐந்துக்கு ஐந்து, 13 சுற்று ஜெயித்தால் ஆட்டம். யாரிடம் துப்பாக்கி வாங்கப் பணம் இருக்கிறது என்ற கணக்குதான் அங்கே வர்ணனையின் உயிர்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்கே ஆடினார்கள். ஆனால் வர்ணனையாளருக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் சம்பளம், மாதச் சம்பளம் கிடையாது. சீசன் இல்லாத மாதம் வெறுங்கை. எனவே டிகிரியை முடியுங்கள், கையில் வேறொரு வேலையும் இருக்கட்டும்.

இன்னொன்றில் கறாராக இருங்கள். நுழைவுக் கட்டணத்தை மொத்தமாகச் சேர்த்து ஜெயித்தவனுக்குக் கொடுக்கும் ‘பெய்டு ரூம்’ போட்டிகளுக்கு வர்ணனை சொல்லக் கூப்பிடுவார்கள், சூதாட்டச் செயலி விளம்பரம் படிக்கவும் கூப்பிடுவார்கள். 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை ஒருபக்கம் வைத்து, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அவற்றை விளம்பரப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் கொடுத்தவன் கண்காணாத தேசத்தில் இருப்பான். குரலை வைத்து உங்களைக் கண்டுபிடிப்பது சுலபம்.

ஒப்பந்தம் வாட்ஸ்அப்பில் வந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை நாள், எத்தனை ஆட்டம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள். மேட்ச் தள்ளிப்போனால் என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டு வர்ணனையாளர்களை 2008-லேயே வருமான வரித்துறை தொழில்முறைச் சேவைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் நிறுவனம் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால் பயப்பட வேண்டாம். பான் அட்டை எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டு, ஆண்டு முடிவில் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் பிடித்த பணம் உங்கள் கணக்குக்கே திரும்பி வரும்.