‘வீணையும்’ காய்ச்சீரா, விளச்சீரா?

கேள்வி: வேனிலைப் பாடும் இயற்கைப் பாடல் ஒன்றின் யாப்பை விளக்கி எழுத வேண்டும். அப்பரின் தேவாரப் பாடலை எடுத்துக்கொண்டு, ‘வீணையும்’ என்பதை வீ/ணை/யும் எனப் பிரித்தேன், தேமாங்காய் (மூன்று நேரசை கொண்ட காய்ச்சீர்) வந்தது. பாடலின் ஓசையோடு அது பொருந்தவில்லை. பிழை எங்கே?

பதில்: முதலில் பாடலை முழுமையாகப் பார்ப்போம்.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

பிழை ஐகாரத்தில் இருக்கிறது. ஐ நெட்டெழுத்தே ஆயினும், சொல்லின் இடையில் வரும்போது ஐகாரக்குறுக்கமாகி மாத்திரை குறைந்து ஒலிப்பதால், அலகிடுகையில் (சீரை அசைகளாகப் பிரிக்கையில்) அதைக் குறிலாகக் கொள்கிறோம். எனவே ‘ணையும்’ குறிலிணை ஒற்றடுத்த (இரு குறிலை அடுத்து மெய் வந்த) நிரையசை. வீ/ணையும் என்பது கூவிளம், அதாவது நேர், நிரை என அமைந்த விளச்சீர். மூன்றாமடியின் ‘பொய்கையும்’ என்ற சீருக்கும் இதுவே விதி. ஐயம் நீங்க, ‘வீணையும்’, ‘தென்றலும்’ இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். இரண்டும் ஒரே நடையில் செல்வதைக் காதே உணர்த்திவிடும். தாளில் கோடு போடுவதற்கு முன் பாடிப் பார்ப்பதே நல்ல பழக்கம் என்பது என் உறுதியான கருத்து.

இப்படித் திருத்திக்கொண்டால் பாடலின் கட்டு தெளிவாகும். இது நாற்சீரடி நான்கு கொண்ட கலிவிருத்தம். ஒவ்வோர் அடியும் தேமாவில் (நேர், நேர்) தொடங்குகிறது. முதற்சீருக்கும் இரண்டாம் சீருக்கும் இடையில் நேரொன்றிய ஆசிரியத்தளையும் (மாச்சீரை அடுத்து நேரசை வருவது), அதன்பின் அடி முடியும்வரை இயற்சீர் வெண்டளையும் (மாச்சீரை அடுத்து நிரையசை, விளச்சீரை அடுத்து நேரசை வருவது) அமைகின்றன. ‘மாலை மதியமும்’, ‘எந்தை இணையடி’ ஆகிய இடங்களில் கூவிளத்துக்குப் பதிலாகத் தேமா வந்தாலும், அடுத்து நிரையசையில் தொடங்கும் கருவிளம் (நிரை, நிரை) வருவதால் வெண்டளை குலையவில்லை. ஒற்று நீக்கி எண்ணினால் அடிதோறும் சரியாக 11 எழுத்துகள் இருக்கும். உங்கள் அலகீட்டோடு இந்த எண்ணிக்கையையும் எழுதிக் காட்டுங்கள்.

எதுகை எளியது: மாசில், வீசு, மூசு, ஈசன் என நான்கிலும் முதலெழுத்து நெடில், இரண்டாமெழுத்து சகர வருக்கம். மோனையைத்தான் நின்று பார்க்க வேண்டும். முதலடியில் மா, மா, ம என்றும் இரண்டாமடியில் வீ, வீ, வே என்றும் ஒன்று, மூன்று, நான்காம் சீர்களில் வருவது மேற்கதுவாய் மோனை. நான்காமடியில் ஈசன், எந்தை, இணையடி என முதல் மூன்று சீர்களில் வருவது கூழை மோனை. தென்றலும் பொய்கையும் கடந்து இறைவனின் திருவடி நிழலை அடையும் அடியில், இடைவெளியின்றி மோனை தொடர்வது எத்தனை அழகு! மூன்றாமடியில் ‘பொய்கையும் போன்றதே’ என்பதில் ஓசை ஒப்புமை உண்டு. ஆனால் அது முதற்சீரோடு சேராததால், மேற்சொன்ன வகைகளில் அதனை அடக்காமல் அப்படியே குறித்துவிடுங்கள்.