பிழைச்செய்தியை முழுதாக அனுப்புங்கள்: லினக்ஸ் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் லினக்ஸ் பயன்படுத்தும் அன்பர்களிடமிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி (காவேரிப்பட்டணம், மாங்காய் மண்டிக் கணக்கர்): ஐயா, எங்கள் பில் போடும் கணினியில் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்ததால், 40 ஜிபி வரை வளர்ந்திருந்த ஒரு லாக் கோப்பை ‘ஆர்எம்’ கொடுத்து அழித்துவிட்டேன். அதன் பிறகும் ‘டிஎஃப் -எச்’ 100 விழுக்காடு என்றே காட்டுகிறது. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருப்பதால் கணினியை நிறுத்திப் பார்க்கவும் வழியில்லை.

பதில்: கணினியை நிறுத்த வேண்டியதில்லை. லினக்ஸில் ஒரு கோப்பை ஏதாவதொரு நிரல் திறந்து வைத்திருக்கும் வரை, ஃபோல்டரிலிருந்து அதன் பெயர் நீங்கிவிட்டாலும், அது பிடித்திருந்த இடம் ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருக்கும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ ஒரு கணக்கும், மொத்த இடத்தைச் சொல்லும் ‘டிஎஃப்’ வேறொரு கணக்கும் காட்டுகின்றன. ‘சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்று கொடுத்தால் (கூட்டல் குறிக்குப் பின் வரும் ‘எல்’ மட்டும் பெரிய எழுத்து), பெயர் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளும், அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரலின் பெயரும் வரும். அந்த ஒரு சேவையை மட்டும் ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்’ மூலம் மீண்டும் தொடங்கினால் 40 ஜிபியும் திரும்பக் கிடைத்துவிடும்.

இனிமேல் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக் கோப்பை ‘ஆர்எம்’ செய்யாமல், ‘ட்ரன்கேட் -எஸ் 0’ கொடுத்துக் காலியாக்குங்கள். அதற்கும் முன்பாக ‘டெய்ல் -என் 50’ கொடுத்துக் கடைசி 50 வரிகளைப் படித்துவிடுங்கள். ஒரு மண்டியின் பில் மென்பொருள் 40 ஜிபி எழுத வேண்டிய தேவையே இல்லை. ஒரே பிழையை நொடிக்குப் பல முறை எழுதிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் எண்ணுவேன். அந்த வரி தெரியாமல் இடத்தை மட்டும் மீட்டால், சீசன் முடிவதற்குள் இதே நிலைக்கு வந்து நிற்பீர்கள். ‘டிஎஃப் -எச்’ இடம் இருப்பதாகச் சொல்லியும் இதே பிழை வந்தால் ‘டிஎஃப் -ஐ’ பாருங்கள். சின்னஞ்சிறு கோப்புகள் பெருகிப் போனால் இடம் மிச்சமிருக்க ஐநோடுகள் (கோப்பு ஒன்றுக்கு ஒன்று என்று செலவாகும் பதிவிடங்கள்) தீர்ந்துவிடுவதுண்டு.

கேள்வி (போச்சம்பள்ளி, உறுப்பினர் பட்டியல் பராமரிப்பவர்): எங்கள் பட்டியலில் ‘போச்சம்பள்ளி’ என்று ‘கிரெப்’ மூலம் தேடினால் சில வரிகள் வருகின்றன, சில வரவில்லை. திரையில் பார்க்கும்போது எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ‘கிரெப்’ பழுதா, என் கண் பழுதா?

பதில்: இரண்டுமே சரியாகத்தான் வேலை செய்கின்றன. யுனிகோடில் ‘ோ’ என்ற உயிர்மெய்க் குறியை இரண்டு விதமாக எழுதலாம். அதற்கென்றே உள்ள ஒரே குறியீடாக எழுதுவது ஒரு வகை. இரட்டைக்கொம்பும் (‘ே’) அதன் பின் காலும் (‘ா’) என இரண்டு குறியீடுகளாக எழுதுவது இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஒரே உருவில் வரும், ஆனால் ‘கிரெப்’ உருவத்தைப் பார்ப்பதில்லை. பழைய எழுத்துருக்களில் தட்டியவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பட்டியல்களில் இந்தக் கலப்பு மிகுதி, ஏனெனில் அவ்வெழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியாகவே இருந்தன.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். ‘போச்சம்பள்ளி’ என்பதில் முறையாக எழுதினால் 12 குறியீடுகள். எனவே ‘பிரிண்ட்எஃப்’ வழியாக அந்தச் சொல்லை ‘டபிள்யூசி -சி’ கட்டளைக்கு அனுப்பினால் 36 என்று வர வேண்டும். (‘எக்கோ’ வழியாக அனுப்பினால் வரியின் முடிவையும் சேர்த்து 37 வரும், இதைக் கவனிக்காமல் குழம்பியவர்கள் உண்டு.) பட்டியலில் அகப்படாத வரியிலிருந்து அதே சொல்லை நகலெடுத்து எண்ணினால், ‘ோ’ உடைந்து கிடக்கும் பட்சத்தில் 39 வரும்.

இதற்குத் தீர்வு எளிது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் ‘ஐசியு-டெவ்டூல்ஸ்’ தொகுப்பை நிறுவினால் ‘யுகான்வ்’ என்ற கருவி கிடைக்கும். ‘யுகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி’ என்று கொடுத்துப் பட்டியலை உள்ளே அனுப்பி, வெளிவருவதை வேறொரு கோப்பில் சேமியுங்கள். உடைந்த ‘ொ’, ‘ோ’ எல்லாம் ஒரே வடிவுக்கு வந்துவிடும். மூலக் கோப்பின் மேலேயே எழுத முற்பட்டால் அது காலியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அதன் பிறகும் சில வரிகள் அகப்படாமல் 39 என்றே காட்டினால், தட்டியவர் காலுக்குப் பதிலாக ‘ர’ எழுத்தைப் போட்டு ‘பேரச்சம்பள்ளி’ என்று எழுதியிருக்கக்கூடும். சில எழுத்துருக்களில் இதை வேறுபடுத்திப் பார்க்கவே முடியாது, பைட் கணக்கும் உடைந்த ‘ோ’ எழுத்துக்குரிய அதே 39 என்பதால் எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்காது. எந்தக் கருவியும் இதைத் தானாகத் திருத்தாது. ‘செட்’ (sed, சொற்களை மாற்றித் தரும் கட்டளை) கொண்டு ஊர்ப்பெயர் வாரியாகத்தான் மாற்ற வேண்டும். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த வரிகளில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற எழுத்துகள் ஒளிந்திருப்பதும் உண்டு. அவற்றையும் மேலே சொன்ன ‘யுகான்வ்’ வரி நீக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாவட்டப் பெயரைத் தேடும்போது ‘தருமபுரி’, ‘தர்மபுரி’ என்ற இரண்டு எழுத்து முறைகளுக்கும் தனித்தனியே ‘-இ’ சேர்த்துத் தேடுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்றுதான் என்பதால், அதற்கு முந்தைய முகவரிகளில் போச்சம்பள்ளிக்காரர்களும் தருமபுரி மாவட்டம் என்றே பதிந்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மாவட்டப் பெயரை ஒட்டுமொத்தமாக ‘செட்’ கொண்டு மாற்றினால், பென்னாகரத்துக்காரரும் பாலக்கோட்டுக்காரரும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள். வட்டத்தின் பெயரை வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி (பென்னாகரம், தமிழாசிரியர்): விண்டோஸ் கணினியில் இருந்த பாடக்குறிப்புகளை லினக்ஸுக்கு மாற்றும்போது சில கோப்புகளுக்கு மட்டும் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று வருகிறது. அதே பெயர் விண்டோஸில் எந்தத் தொல்லையும் தரவில்லையே?

பதில்: மேலே சொன்ன 3 பைட் கணக்குதான் இங்கேயும் காரணம். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ், கோப்புப் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தருகிறது. லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 தருவது 255 பைட். ஆங்கிலப் பெயருக்கு இரண்டும் ஒன்றே. தமிழிலோ 255 பைட் என்பது 85 குறியீடுகளுக்குத்தான் போதும், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். ‘கிருஷ்ணகிரி’ என்று நாம் 6 எழுத்தாக எண்ணுவது கணினிக்கு 11 குறியீடு, 33 பைட். பாடத்தின் முழுத் தலைப்பையும் வகுப்பையும் பருவத்தையும் பெயரிலேயே எழுதும் பழக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு. அந்தப் பெயர்களை விண்டோஸிலேயே சுருக்கிவிட்டு, வகுப்பையும் பருவத்தையும் ஃபோல்டர் பெயர்களாக வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கேள்வி (தருமபுரி, பொறியியல் மாணவி): அண்ணா, என் ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் தேதியோடு பேக்கப் எடுக்கும் வரியைக் கையால் தட்டினால் வேலை செய்கிறது. அதையே ‘க்ரான்டேப்’ கோப்பில் இரவு 2 மணிக்குப் போட்டால் எதுவுமே நடப்பதில்லை, பிழையும் வருவதில்லை.

பதில்: உங்கள் வரியில் ‘டேட் +%எஃப்’ (‘எஃப்’ பெரிய எழுத்து) இருப்பதைப் பார்த்தேன். குறித்த வேளையில் கட்டளைகளை இயக்கும் ‘க்ரான்’ சேவைக்கான பட்டியல்தான் ‘க்ரான்டேப்’ கோப்பு. அதில் விழுக்காட்டுக் குறிக்கு வேறு பொருள் உண்டு: முதல் குறி வரும் இடத்தோடு கட்டளை முடிந்துவிட்டதாகக் கொண்டு, எஞ்சியதை அக்கட்டளைக்குரிய உள்ளீடாக அது அனுப்பிவிடும். ஒவ்வொரு விழுக்காட்டுக் குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரியாகிவிடும். ஆனால் முழு வேலையையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, ‘க்ரான்டேப்’ கோப்பில் அதன் முழுப் பாதையை மட்டும் தருவதையே நான் விரும்புகிறேன்.

ஸ்கிரிப்டாக எழுதினாலும் வேறு இரண்டு இடறல்கள் உண்டு. ‘க்ரான்’ உங்கள் டெர்மினலின் அமைப்புகளைப் படிப்பதில்லை. கட்டளைகளைத் தேட அதற்குத் தெரிந்த இடங்கள் மிகச் சில. மேலும் ‘க்ரான்டேப்’ வரிகளை அது, டெர்மினலில் கட்டளைகளை இயக்கித் தரும் பாஷ் என்ற ஷெல் கொண்டு இயக்குவதில்லை. டெபியன், உபுண்டு இரண்டிலும் ‘டாஷ்’ என்ற சிறிய ஷெல்லைக் கொண்டே இயக்குகிறது. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷைக் குறிப்பிட்டு, பாதைகளை முழுதாக எழுதுங்கள். பிழை வரவில்லை என்றீர்கள். வந்திருக்கும், மின்னஞ்சலாக அனுப்ப வழியில்லாமல் ‘க்ரான்’ அதைத் தூக்கி எறிந்திருக்கும். வரியின் இறுதியில் ‘>> /டிஎம்பி/பேக்கப்.லாக் 2>&1’ சேர்த்தால் மறுநாள் காலையில் காரணத்தைப் படித்துவிடலாம்.

விடுதியில் இரவு 2 மணிக்கு மடிக்கணினியை மூடி வைத்திருப்பீர்கள் என்றால், மேற்சொன்ன எதுவும் பயன் தராது. தவறிய வேளையை ‘க்ரான்’ ஈடுகட்டாது. அதற்குப் பதிலாக, அதைப் போலவே குறித்த வேளையில் வேலையைத் தொடங்கும் சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்=ட்ரூ’ (முதல் எழுத்து மட்டும் பெரியது) என்று எழுதினால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது விடுபட்ட வேலை நடந்துவிடும்.

கேள்வி (ஓசூர், தொழிற்சாலை ஊழியர்): ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பின்தங்கிவிடுகிறது.

பதில்: சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்குகிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்கின்றன. இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதுதான். லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுத்தால் தீர்ந்துவிடும். அப்போது வரும் எச்சரிக்கை பெரும்பாலும் கோடைக்கால நேரம் மாற்றும் நாடுகளுக்கானது. நமக்கு அந்த வழக்கம் இல்லை. வேறுபாடு ஐந்தரை மணி நேரமாக இல்லாமல், ஏதோ ஒரு பழைய ஆண்டைக் காட்டினால், சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை, போட்டோ ஸ்டுடியோ): திருமணப் படங்களைச் சிறிதாக்கி வேறு ஃபோல்டரில் போட்டுவிட்டு, பழைய தற்காலிக ஃபோல்டரைக் காலி செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பாதிப் படங்களுக்கு ‘நோ சச் ஃபைல்’ என்று வருகிறது.

பதில்: உங்கள் படத்தின் பெயர் ‘மணமகன் அழைப்பு 12.ஜேபிஜி’. ‘எல்எஸ்’ தரும் பட்டியலை ‘ஃபார்’ சுழற்சிக்குள் கொடுத்திருப்பதால், ஷெல் அதை இடைவெளி வரும் இடங்களில் எல்லாம் வெட்டி, ‘மணமகன்’, ‘அழைப்பு’, ‘12.ஜேபிஜி’ என்று மூன்று கோப்புகளைத் தேடுகிறது. ‘எல்எஸ்’ வேண்டாம், ‘ஃபார்’ வரியில் நேரடியாக ‘./*.ஜேபிஜி’ என்று எழுதி, உள்ளே மாறியை (கோப்பின் பெயரை ஏந்தும் ‘வேரியபிள்’) பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் கடைசி வரிதான். அதில் ‘ஆர்எம் -ஆர்எஃப்’ என்பதன் பின் ஒரு மாறியும், சாய்கோடும், நட்சத்திரக் குறியும் உள்ளன. ஏதோ காரணத்தால் அந்த மாறி காலியாக இருந்தால், அந்த வரி ‘/*’ என்று விரிந்து, உங்கள் அனுமதிக்கு எட்டும் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கும். ‘ஆர்எம்’ கட்டளைக்குள் இருக்கும் பாதுகாப்பு ‘/’ என்று தனியாகக் கொடுத்தால்தான் தடுக்கும். நட்சத்திரம் சேர்ந்தால் தடுக்காது. மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் எழுதி, பெயருக்குப் பின் ‘:?’ சேர்த்தால், அது காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். முதல் ஓட்டத்தில் ‘ஆர்எம்’ முன்னால் ‘எக்கோ’ சேர்த்து, என்னென்ன அழியப் போகிறது என்று படித்துவிட்டு, பிறகு அதை நீக்குங்கள். ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களை மறுபடியும் எடுக்க முடியாது.

கேள்வி (அரூர்): நண்பர் விண்டோஸில் எழுதி அனுப்பிய ஸ்கிரிப்டை இயக்கினால் ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்றும் அதனருகே ‘^எம்’ என்றும் வருகிறது.

பதில்: விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கூடுதலாக ஒரு குறியீட்டைச் சேர்க்கிறது. ‘டாஸ்2யுனிக்ஸ்’ நிறுவி, அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்.

கேள்வி (பாலக்கோடு, தக்காளிக் கமிஷன் கடை): மின்சாரம் போய் வந்த பிறகு கணினி தொடங்குகிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்கிறது.

பதில்: கோப்பு முறைமையில் கோளாறு கண்டால் மேற்கொண்டு கெடாமல் இருக்க லினக்ஸ் தானே எழுதுவதை நிறுத்திக்கொள்கிறது. கட்டாயப்படுத்தி எழுதும் நிலைக்கு மாற்றும் வழிகளை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இப்போதைய நிலையில் படிக்க முடியும் என்பதால், முதலில் கணக்குக் கோப்புகளை பென் டிரைவில் நகலெடுங்கள். பிறகு ‘சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ கொடுத்து ஹார்ட் டிஸ்கின் நிலையைப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ வரியின் கடைசி எண் சுழியாக இல்லாவிட்டால் புது டிஸ்க் வாங்குவதே நல்லது. ‘யுடிஎம்ஏ சிஆர்சி எரர்’ மட்டும் உயர்ந்திருந்தால் பழுது பெரும்பாலும் கேபிளில் இருக்கும். இரண்டும் சுழியாக இருந்தால், லைவ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, ஹார்ட் டிஸ்கின் அந்தப் பகுதியை மவுன்ட் செய்யாமல் (திறக்காமல்), கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ ஓட்டுங்கள்.

கடையில் இன்வெர்ட்டர் இருந்தும் ஒவ்வொரு முறையும் கணினி அணைந்து எழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ‘யுபிஎஸ்’, ‘எகோ’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ‘எகோ’ போதும். அந்த நிலையில் மின்சாரம் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கணினி தாங்காது. அதை ‘யுபிஎஸ்’ பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த மின்வெட்டின்போது கணினி நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அப்போதும் அணைந்தால் இன்வெர்ட்டர் பேட்டரியின் வயதையும் சேர்த்து எழுதுங்கள்.