தம்பியின் பழைய காயத்தை எங்கே சொல்வது?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. அப்பா குடித்துவிட்டு வந்து அடித்த அடியில் வளர்ந்தவன். இப்போது காலையிலேயே குடிக்கிறான். செல்போன் பறித்த வழக்கில் கைதாகி, ஜாமீனில் வந்திருக்கிறான். 'அப்பன் புத்தி' என்கிறார்கள் உறவினர்கள். அறையில் பூட்டி வைத்தால் குடி தானாக நின்றுவிடும் என்கிறார் மாமா. கைகழுவிவிடு என்கிறார் அம்மா. இது நோயா, குற்றமா?
– வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்கிறேன்: பூட்டி வைக்காதீர்கள். நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடலில் குடி திடீரென நின்றால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்து இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, சுயநினைவு தடுமாறி, உயிரே போகவும் கூடும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில், மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. அவன் வர மறுத்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் நீங்களே பேசி வழி கேளுங்கள்.

நோயும் உண்டு, குற்றமும் உண்டு. செல்போனைப் பறிகொடுத்தவருக்கு உங்கள் தம்பியின் இளமைத் துயரம் பதிலாகாது. தானே விரும்பிக் குடித்த போதையைச் சட்டமும் சாக்காக ஏற்பதில்லை. ஆனால் 'அப்பன் புத்தி' என்ற பேச்சு கொடுமையானது. அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா ஆகிய மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அடி, அவமானம், வீட்டில் குடி என நான்கு வகைத் துன்பங்களையோ அதற்கு மேலோ சிறுவயதில் பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. ஆபத்து கூடுவது விதியாகிவிடாது. அதே வீட்டில் வளர்ந்த நீங்கள் யாரிடமும் எதையும் பறிக்கவில்லை. மனநோய் உள்ளவர்களிலும் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்களே.

அந்தக் காயத்தைச் சொல்ல நீதிமன்றத்திலேயே இடமுண்டு. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958-இன் 6-ஆம் பிரிவின்படி, ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில், தீர்ப்பு நாளில் 21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிபதி நன்னடத்தை அலுவலரின் (குற்றம் செய்தவரின் குணத்தையும் குடும்பச் சூழலையும் விசாரிப்பவர்) அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். அந்த அலுவலர் வீட்டுக்கு வரும்போது, குடும்ப மானம் கருதி அப்பாவின் அடியை மறைக்காதீர்கள். சிகிச்சைச் சீட்டுகளையும் காட்டுங்கள். வயது வரம்பு நெருங்குவதால் இதை வழக்கறிஞரிடம் இப்போதே பேசுங்கள். வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

அம்மா சொல்வதைக் கல்மனம் என்று எண்ண வேண்டாம். கணவரிடம் பட்டவர் மகனிடமும் பட வேண்டியதில்லை. சிகிச்சைக்கு அலையும் பொறுப்பை அவர்மேல் ஏற்றாதீர்கள். தம்பி கை ஓங்கினால் தயங்காமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.