லேஅவுட் வியூபோர்ட்டை வேண்டிய வடிவில் வெட்டுவது: ஆட்டோகேட் கேள்வி பதில்

கேள்வி: எல் வடிவக் கட்டடத்தின் தளப்படம். லேஅவுட்டில் (அச்சுத் தாளில்) செவ்வக வியூபோர்ட் (படத்தைக் காட்டும் சாளரம்) வைத்தால் காலி மூலையில் பக்கத்து பிளாக்கின் படிக்கட்டும் சேர்ந்து வருகிறது. எம்வியூ கமாண்டில் ஆப்ஜெக்ட் கொடுத்து எல் வடிவம் கொண்டுவந்தேன்; 1:100 ஸ்கேல் போய்விட்டது. வேறு வழி உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: எம்வியூ புதிதாக ஒரு வியூபோர்ட்டை உருவாக்குகிறது. பழைய வியூபோர்ட்டின் ஸ்கேல் அதற்கு வராது. உங்களுக்கு வேண்டியது இருக்கிற வியூபோர்ட்டையே வெட்டும் விபிகிளிப் கமாண்ட். இதில் ஸ்கேலும் மாறாது, தாளில் படம் இருக்கும் இடமும் நகராது.

முதலில் வியூபோர்ட்டுக்கு வெளியே டபுள் கிளிக் செய்து பேப்பர் ஸ்பேஸுக்கு, அதாவது தாளின் பரப்புக்கு, வாருங்கள். மூலையில் முக்கோண ஐகான் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். வேண்டிய வடிவத்தைப் பாலிலைனாக (ஒரே பொருளாக இணைந்த தொடர்கோடாக) வரைந்து, கடைசிப் புள்ளியைக் கையால் தொடாமல் குளோஸ் கொடுத்து மூடுங்கள். பிறகு விபிகிளிப். முதலில் வியூபோர்ட்டைக் கேட்கும்: உள்ளே கிளிக் செய்தால் எடுக்காது, பார்டர் கோட்டின் மேல் கிளிக் செய்ய வேண்டும். அடுத்து பாலிலைனைக் காட்டினால் வேலை முடிந்தது. பாலிலைன் வரையாமல் என்டர் தட்டினால் பாலிகோனல் வரும். அங்கேயே புள்ளி புள்ளியாக வைக்கலாம், வளைவு வேண்டிய இடத்தில் ஆர்க் கொடுக்கலாம். மூலைகள் சுவர்க்கோட்டுக்குச் சரியாக இணையாக இருக்க வேண்டுமென்றால் முன்பே வரைந்துகொள்வதே மேல்.

பாலிலைனை ஏற்காவிட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. அதை வியூபோர்ட்டுக்குள், அதாவது அசல் படம் இருக்கும் மாடல் ஸ்பேஸில், வரைந்திருப்பீர்கள். இல்லையேல் அது மூடப்படாமல் இருக்கும். பிராப்பர்ட்டீஸில் 'குளோஸ்டு' என்ற வரியில் 'நோ' என்று காட்டும். பார்வைக்கு இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருப்பது போதாது. வட்டம், நீள்வட்டம், மூடிய ஸ்ப்லைன், ரீஜன் ஆகியவற்றையும் எல்லையாகக் கொடுக்கலாம்.

போன ஸ்கேலை மீட்க: வியூபோர்ட்டுக்குள் நுழைந்து, ஜூம் கமாண்டில் 1/100எக்ஸ்பி கொடுங்கள் (எக்ஸ்பி என்றால் தாளின் அளவோடு ஒப்பிட்ட ஸ்கேல்). இது மில்லிமீட்டரில் வரைந்த படத்துக்கு. மீட்டரில் வரைந்திருந்தால் அதே 1:100-க்கு 10எக்ஸ்பி. பிறகு டிஸ்பிளே லாக் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நுழைந்து மவுஸ் சக்கரத்தை ஒருமுறை உருட்டினாலே ஸ்கேல் மறுபடியும் போய்விடும்.

கேள்வி: வெட்டிய எல்லைக்கோடு பிரின்டில் விழுகிறது என்று அந்தக் கோடு இருக்கும் லேயரை (அடுக்கை) ஃப்ரீஸ் செய்தேன். கோடு மறைந்தது, ஆனால் வெட்டிய பகுதியும் திரும்ப வந்துவிட்டது. ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: செவ்வக வியூபோர்ட்டில் ஃப்ரீஸ் செய்து பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வெட்டிய வியூபோர்ட் என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது: ஒன்று வியூபோர்ட், மற்றது அதை வெட்டும் பாலிலைன். பாலிலைன் இருக்கும் லேயரை ஃப்ரீஸ் செய்தால் ஆட்டோகேட் அந்த எல்லையையே கணக்கில் எடுக்காது, வெட்டு போய்விடும். ஆஃப் மட்டும் செய்தால் கோடு மறையும், வெட்டு நிற்கும்.

ஆனால் ஆஃப் செய்வதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு எல்லை எங்கே என்றே தெரியாது. வியூபோர்ட்டுகளுக்கென்று ஒரு தனி லேயர் வைத்து, லேயர் மேனேஜரில் பிளாட் பத்தியில் உள்ள பிரின்டர் படத்தைத் தட்டி அணைத்துவிடுங்கள். திரையில் கோடு தெரியும், தாளில் விழாது. வியூபோர்ட்டும் பாலிலைனும் வெவ்வேறு லேயரில் இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் அந்த லேயருக்கு மாற்றுங்கள். எல்லையைத் தேர்ந்தெடுத்ததும் பிராப்பர்ட்டீஸின் மேல்வரியில் இரண்டு பொருள்கள் என்று காட்டும்; அந்தப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஸ்கேல், லாக் எல்லாம் அதில் வியூபோர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும்.

கேள்வி: சைட் பிளானில் மனையின் எல்லை கோணல்மாணலாக, ஒரு பக்கம் வளைவாக இருக்கிறது. வியூபோர்ட்டும் அதே வடிவில், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வர வேண்டும். தாளில் மேலோட்டமாக வரைந்தால் பொருந்தவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: தாளில் வரையவே வேண்டாம். வியூபோர்ட்டின் ஸ்கேலைச் சரிசெய்துவிட்டு உள்ளே நுழையுங்கள். மனை எல்லை துண்டுக் கோடுகளாக இருந்தால் பீஎடிட் ஜாயின் மூலம் ஒரே மூடிய பாலிலைனாக்குங்கள். அதை வெளிப்பக்கம் 5 மீட்டர் ஆஃப்செட் செய்யுங்கள் (இணையாக ஒரு நகல் வரும்). 1:500-ல் அது தாளில் 10 மில்லிமீட்டர் விளிம்பாக வரும். புதிய பாலிலைனை மட்டும் தேர்ந்தெடுத்து சிஹெச்ஸ்பேஸ் கொடுத்தால், அது தாளின் அளவுக்குச் சுருங்கி, பார்வைக்கு அதே இடத்திலேயே பேப்பர் ஸ்பேஸுக்கு வந்துவிடும். பிறகு விபிகிளிப். சிஹெச்ஸ்பேஸ் நகல் எடுப்பதில்லை, பொருளையே இடம் மாற்றுகிறது. அதனால் அசல் மனை எல்லையைத் தொட்டுவிடாதீர்கள். ஸ்கேலைப் பிறகு மாற்றினால் இந்த வடிவம் பொருந்தாது, மறுபடி செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: வெட்டியதைப் பழையபடி செவ்வகமாக்க முடியுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: முடியும். விபிகிளிப் கொடுத்து, பார்டரைத் தேர்ந்தெடுத்து, டெலீட் கொடுங்கள். ஏற்கெனவே வெட்டிய வியூபோர்ட்டுக்கு மட்டுமே இந்த டெலீட் காட்டும். அழிக்கும் எரேஸ் கமாண்டைப் பயன்படுத்தாதீர்கள். வியூபோர்ட்டும் சேர்ந்தே போய்விடும்.