கோபுரம் பாதி வழிதான்

காட்டு நடை, மலை நடை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

எனக்கு வயது 61. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். படி ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது மட்டும் இடது முழங்கால் லேசாக வலிக்கும். மகன் ஒரு காட்டுப் பாதைக்குக் கூப்பிடுகிறான். போக 4 கி.மீ., வர 4 கி.மீ., 300 மீட்டர் ஏற்றம், உச்சியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். "சுலபமான பாதைதான், மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம்" என்கிறான். நம்பிப் போகலாமா?

போகலாம் அம்மா, தாராளமாகப் போகலாம். அந்த மூன்று மணி நேரக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். மலை நடைக்காரர்கள் இன்றும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைய அளவில் சொன்னால், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதையில் 8 கி.மீ.க்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு அரை மணி. ஆக, 2 மணி 6 நிமிடம். ஆனால் இது நல்ல பழக்கமுள்ளவர் எங்கேயும் நிற்காமல் நடக்கிற கணக்கு. தண்ணீர் குடிக்க நிற்பதும், ஷூவில் புகுந்த கல்லைத் தட்டுவதும், பறவை பார்ப்பதும் இதில் சேரவில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு நான் இதை இரண்டால் பெருக்கிவிடுவேன். மேலே உட்கார ஒரு மணி நேரம். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் நிம்மதியாகக் கீழே வந்துவிடலாம்.

இப்போது முழங்கால். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை இழுபட்டுக்கொண்டே உடம்பின் எடையையும் தாங்குகிறது. வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வருவது மாதிரி. 300 மீட்டர் என்றால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் வைத்தால், நூறு மாடி இறக்கம்! அதனால் ஒரு மாதம் முன்பே படி இறங்கிப் பழகுங்கள். தினமும் இரண்டு மூன்று மாடியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வலி கூடினால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மலை. போகும்போது ஊன்றுகோல் இரண்டு இருக்கட்டும். இறக்கத்தில் அதைக் கொஞ்சம் நீட்டி வைத்து, முதலில் கோல், பிறகு கால்.

இன்னொன்று. இறங்கத் தொடங்கும் முன் கோபுரத்தடியில் உட்கார்ந்து ஷூ லேஸை முழுதாக அவிழ்த்துவிடுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, பாதம் பின்னால் போய் உட்கார்ந்ததும் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் ஷூவின் நுனியில் போய் இடிக்கும். இரண்டு நாளில் நகம் கறுத்துவிடும்.

உச்சிக்குப் போனதும் 'முடித்துவிட்டோம்' என்று கைகுலுக்கிக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். கோபுரம் பாதி வழிதான். பாதிச் சக்தியும், பாதித் தண்ணீரும், பாதிக்கு மேல் வெளிச்சமும் கையில் இருக்கும்போதுதான் அங்கே போய்ச் சேர வேண்டும். மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். மலையே 300 மீட்டர் உயரம். அதன் மேல் 20 மீட்டர் கோபுரம் எதற்கு? அதனால் என்ன பெரிதாகக் கூடிவிடும்?

அருமையான கேள்வி தம்பி. கணக்குப் போட்டே பார்ப்போம். சுற்றிலும் சமவெளி என்றால், கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கு. தொடுவானம் எத்தனை கி.மீ. என்று வரும். 300 மீட்டருக்குச் சுமார் 62 கி.மீ., 320 மீட்டருக்குச் சுமார் 64. இரண்டே இரண்டு கி.மீ.தான் கூடுகிறது! அப்படியானால் எதற்கு இத்தனை இரும்பு?

மரத்துக்காக. காட்டு மலையின் உச்சியில் தரையில் நின்றால் பத்தடி தள்ளி நிற்கிற மரத்தின் தண்டுதான் தெரியும். கோபுரம் உன்னைத் தூரத்துக்கு அனுப்பவில்லை, இலைகளுக்கு மேலே தூக்கிவிடுகிறது. கடைசி இரண்டு திருப்பத்தில் படியேறும்போது கவனி: கிளை, கிளை, இலை, பிறகு சட்டென்று வானம்.

இப்படிப்பட்ட பல கோபுரங்கள் காட்டுத் தீயைக் கண்டுபிடிக்கக் கட்டப்பட்டவை. 1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 12 லட்சம் ஹெக்டேர் காடு எரிந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே மலைக்கு மலை காவல் போடுவது வேகம் பிடித்தது. அங்குள்ள பழைய கோபுர அறைகளின் நடுவில் ஒரு கருவி இருக்கும். ஆஸ்போர்ன் என்ற வனத்துறைக்காரர் உருவாக்கியது. வட்டமான வரைபடம், அதைச் சுற்றி டிகிரி குறித்த வளையம், எதிரெதிரே இரண்டு குறிப்பார்வைத் துளைகள். புகையைக் கண்டதும் வளையத்தைத் திருப்பிக் குறிவைத்து, எத்தனை டிகிரி என்று படித்துச் சொல்வார்கள். ஒரு கோபுரத்திலிருந்து திசை மட்டும் கிடைக்கும். இன்னொரு கோபுரத்திலிருந்தும் ஒரு கோடு வந்து இரண்டும் வெட்டிக்கொள்கிற புள்ளியில்தான் தீ. திசைகாட்டியும் ஒரு வரைபடமும் இருந்தால் நீயும் உன் நண்பனும் இரண்டு மொட்டை மாடிகளில் நின்று இதைச் செய்து பார்க்கலாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோபுரம் கூடக் கட்டாமல், ஐம்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த 'கரி' (karri) என்ற யூக்கலிப்டஸ் வகை மரங்களின் உச்சியிலேயே மேடை போட்டார்கள். பெம்பர்ட்டன் அருகில் இருக்கும் குளோஸ்டர் மரம் அதில் பெயர்பெற்றது. 1947-ல் தீக்காவலுக்காக எடுத்துக்கொண்ட மரம்.

காற்றில் கோபுரம் ஆடுகிறது. இரண்டாவது தளத்திலேயே கால் நடுங்கித் திரும்பிவிட்டேன். ஆடுவது ஆபத்தா?

உயரமான இரும்புக் கட்டுமானம் காற்றுக்குச் சிறிது வளைந்து கொடுக்கத்தான் செய்யும். அந்த ஆட்டம் மட்டும் ஆபத்தின் அடையாளம் அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: துரு தின்ற படி, ஆணி கழன்ற கைப்பிடி, 'ஒரே நேரத்தில் இத்தனை பேர்' என்ற பலகையை யாரும் மதிக்காமல் மேலே குவிந்திருக்கிற கூட்டம். இதில் ஒன்று இருந்தாலும் ஏற வேண்டாம்.

பயத்துக்கு ஒரு வழி: வலைக்கம்பிப் படி வழியாகக் கீழே பார்க்காதீர்கள். கண் மட்டத்தில் தூரத்து மேட்டில் பார்வையை நிறுத்தி, ஒவ்வொரு தளத்திலும் மூச்சு சமமாகும்வரை நில்லுங்கள். அப்படியும் முடியாவிட்டால் இறங்கிவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

இடி கேட்டால் மட்டும் யோசனையே கூடாது, உடனே இறங்கிக் கோபுரத்தை விட்டு விலக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏறக்கூடாது. அந்தக் காலத் தீக்காவலர்கள் மின்னல் நேரத்தில் கண்ணாடிக் கால் வைத்த முக்காலியில் ஏறி நின்றார்கள். நமக்கு அந்த முக்காலி இல்லை.

எட்டு கி.மீ. நடந்து, கோபுரம் ஏறி, பார்த்தது வெறும் மூடுபனி. ஒரு நாள் வீண்.

எனக்கும் ஒருமுறை அப்படித்தான் ஆனது. திரும்ப எத்தனித்தபோது கைப்பிடிக் கம்பிகளின் இடையில் சிலந்தி வலைகளைப் பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை, கம்பிக்குக் கம்பி. வெயில் நாளில் கண்ணில் படாத இழையெல்லாம் பனித்துளி கோத்து வெள்ளையாகத் தொங்கியது. ஒரு வலையின் ஓரத்தில் விரலை வைத்ததும் அத்தனை துளியும் ஒன்றாக உதிர்ந்து, வலையே மறைந்துபோனது. அந்த மலைக்கு அதற்குப் பின் நான்கு முறை போயிருக்கிறேன், தெளிவான வானத்தோடு. மனதில் நிற்பது அந்த முதல் நாள்தான்.

தெளிவான காட்சிதான் வேண்டும் என்றால், இரவு மழை பெய்து விட்ட மறுநாள் போங்கள். தூசு அடங்கியிருக்கும்.

அட்டை, உண்ணி கடித்தால் எண்ணெய் விடலாமா, நெருப்புக் காட்டலாமா?

இரண்டும் வேண்டாம். அட்டையை அதன் மெல்லிய முனைப் பக்கம் நகத்தால் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் எச்சிலில் உண்டு. கொஞ்ச நேரம் கசியும், அழுத்திப் பிடியுங்கள். உண்ணியை மெல்லிய முனை கொண்ட இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். பின்னால் காய்ச்சலோ தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பகலில் போய்ப் பகலில் திரும்புகிற நடைக்கு டார்ச் எதற்கு? பையில் வீண் சுமைதானே?

பல வருடம் முன்பு நாங்கள் மூன்று பேர் இப்படியொரு சுலபமான பாதையில்தான் போனோம். மேலே காட்சி அவ்வளவு நன்றாக இருந்தது; 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. கோபுரத்தில் நல்ல வெயில். மரங்களுக்குள் இறங்கியதும்தான் தெரிந்தது, காட்டுக்குள் பொழுது முன்னாலேயே சாய்ந்திருந்தது. வேர் எது, நிழல் எது என்று தெரியவில்லை. ஒரு வேரில் நண்பருக்குக் கணுக்கால் பிசகியது. நாற்பது நிமிடப் பாதையை, அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தில் இரண்டரை மணி நேரம் இறங்கினோம். கடைசி அரை மணியில் கைபேசியும் அணைந்தது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை, என் தோளைப் பிடித்திருந்த கை மட்டும் ஒவ்வொரு அடிக்கும் இறுகியது. மேலே 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று அதிகம் சொன்னவன் நான்.

அன்றிலிருந்து கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தைக் குறித்துவிடுகிறேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்த நேரத்துக்குத் திரும்புவதுதான். கடிகாரம் இல்லையென்றால் கையை முழுதாக நீட்டி, சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவில் விரல்களைப் படுக்கவைத்து எண்ணுங்கள். ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். நாலு விரல்தான் இருக்கிறது என்றால் ஒரு மணி நேரம், மரத்தடியில் அதைவிடக் குறைவு.

தலையில் மாட்டுகிற டார்ச்சாக வாங்குங்கள், கை இரண்டும் ஊன்றுகோலுக்கு வேண்டும். பையின் அடியில் போடாமல் மேல் ஜிப்பில் வையுங்கள். பேட்டரியை முந்தைய இரவே போட்டு எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள்.